பெண் பார்க்க வருகிறார்கள். வலிப்பு இருப்பதைச் சொல்ல வேண்டுமா?

கடிதத்தின் சுருக்கம்

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். அவர் ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார். அப்பா காலமாகிவிட்டார். அம்மா வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறார். 22 வயதுத் தங்கை கணிதத்தில் பட்டம் முடித்துவிட்டு, மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் தங்கைக்கு முதல் வலிப்பு வந்தது. வலது கை வெட்டி இழுக்கத் தொடங்கி, உடம்பு முழுவதும் விறைத்து, இரண்டு நிமிடம் நினைவில்லாமல் கிடந்தார். காற்றுக் கருப்பு என்று சொல்லிக் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தார்கள். அங்கேயே இரண்டாவது முறை வந்த பிறகுதான் பக்கத்து நகரத்து மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஸ்கேன் எடுக்க அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். மூளையில் சிறிய புழுக்கட்டி என்று அறிக்கை வந்தது. "பன்றிக்கறியைக் கையால்கூடத் தொடாத குடும்பம் நம்முடையது. வேறு யாருடைய அறிக்கையோ மாறி வந்திருக்கிறது" என்று தாய்மாமன் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இதுவரை ஐந்து முறை வலிப்பு வந்திருக்கிறது. கடைசியாக, ஆடித் திருவிழா இரவில், கோயில் வாசலில், ஊரே பார்க்க வந்தது. மறுநாளிலிருந்து பாடம் படிக்கப் பிள்ளைகள் வரவில்லை. புழு என்ற பேச்சு எப்படியோ கசிந்து, பன்றி வளர்க்கும் கடைசித் தெருக் குடும்பங்களை ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்று சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கிடையே தர்மபுரிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. தை பிறந்ததும் நிச்சயம் செய்யலாம் என்கிறார்கள். மாமா, "வாயைத் திறக்காதீர்கள், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். மூன்று மாதமாக வலிப்பு இல்லை என்பதால் மாத்திரையையும் நிறுத்திவிடலாமே என்று அம்மா கேட்கிறார். அறிக்கை தவறா, மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா, மாத்திரையை நிறுத்தலாமா, கையெழுத்துப் போடலாமா என்பவை அண்ணனின் கேள்விகள்.

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

தங்கைக்காக நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதியில் வலிப்பு வந்தது, அதற்கு முன் எத்தனை வேளை மாத்திரை தவறியது என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறீர்கள். மருத்துவருக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறு இல்லை. ஆனால் அந்த நான்கு பக்கத்திலும் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இந்தச் சம்பந்தத்தைப் பற்றியும், தன் நோயைப் பற்றியும் உங்கள் தங்கை என்ன சொல்கிறார்? மாமா சொல்வது, அம்மா சொல்வது, ஊர் சொல்வது எல்லாம் இருக்கிறது. அவர் பட்டம் பெற்ற பெண், கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். உடம்பும் அவருடையது, வாழ்க்கையும் அவருடையது. நான் கீழே எழுதுவதை முதலில் அவரிடம் படிக்கக் கொடுங்கள். முடிவெடுக்கும் பேச்சில் அவர் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஸ்கேனில் தெரிந்த புள்ளி

பன்றிக்கறி சாப்பிடாதவருக்கு மூளையில் புழுக்கட்டி வராது என்று உங்கள் மாமா நினைப்பது மிகப் பரவலான தவறு. உண்மையில் நடப்பது இது. நாடாப்புழுக்களில் ஒரு வகை பன்றியிலும் மனிதனிலும் மாறி மாறி வாழ்கிறது. அந்த நோய் உள்ள பன்றியின் கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்பவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். பெரும்பாலும் அவருக்குத் தொந்தரவே இருக்காது. உள்ளே புழு இருப்பதுகூடத் தெரியாமல் நடமாடுவார். அவருடைய மலத்தோடு புழுவின் முட்டைகள் வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகள் தண்ணீர் வழியாகவோ, பச்சையாகச் சாப்பிடும் காய் கீரை வழியாகவோ, கழுவாத கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போய்விட்டால், குடலில் பொரிந்து, இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்ச் சிறு கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். கறி தின்றவருக்கு வருவது குடல் புழு. மூளைக்கட்டி வருவது மனித மலத்திலிருந்த முட்டையை விழுங்கியவருக்கு. சைவம் சாப்பிடுபவரும் அதற்கு விலக்கல்ல.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில், பன்றிக்கறியை மதமே விலக்கிவைத்திருக்கும் ஆசாரமான யூதர்கள் நான்கு பேருக்கு இதே நோய் வந்தது 1990களின் தொடக்கத்தில் மருத்துவ உலகில் பெரிதாகப் பேசப்பட்டது. அவர்கள் வீடுகளில் வேலைக்கு இருந்தவர்கள் வழியாக முட்டைகள் உணவுக்குள் வந்திருக்க வேண்டும் என்று கண்டறிந்தார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உங்கள் பக்கத்து வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று நடத்திய ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுத்தொற்றின் அடையாளம் இருந்தது. ஆகவே உங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அல்ல இது. சாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காலிஃபிளவரிலும் முட்டைகோஸிலும் நெளியும் பச்சைப் புழு மூளைக்குப் போய்விடும் என்று சிலர் அந்தக் காய்களையே நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் புழு வேறு, இது வேறு. காயை நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாப்பிடுங்கள். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, வெள்ளரி, கேரட்டில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அறிக்கை மாறியிருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது எளிது. ஸ்கேன் படத்தின் ஓரத்தில் பெயர், வயது, தேதி, நோயாளி எண் அச்சிட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். மருத்துவ முறையில் இன்னொரு சந்தேகத்துக்கு இடம் உண்டு. நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் ஸ்கேனில் ஏறக்குறைய இதே போலத் தெரியலாம். கட்டியின் அளவு, அதைச் சுற்றிய வீக்கம், மற்ற பரிசோதனைகள் எல்லாவற்றையும் வைத்து நரம்பியல் மருத்துவர் பிரித்தறிவார். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தும் ஒப்பிடுவார். இரண்டு ஆண்டாக அந்தப் படம் அலமாரிக்குள் இருப்பதால் இந்த ஒப்பீடு நடக்கவே இல்லை. எனக்கு வருத்தம் தருவது இதுதான். ஒற்றைச் சிறு புழுக்கட்டியாக இருந்தால், வலிப்புக்கான காரணங்களில் நல்லபடியாகக் குணமாகும் காரணங்களில் அது ஒன்று. பலருக்குச் சில மாதங்களிலேயே சுருங்கி மறைந்துவிடும். சிலருக்குச் சுண்ணாம்புப் புள்ளியாக உறைந்து நிற்கும். மாத்திரை எத்தனை காலம் தொடர வேண்டும் என்பதை அது மறைந்ததா, உறைந்ததா என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புழு என்று கேட்டவுடன் மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூளைக்குள் இருக்கும் புழு மருந்தால் சாகும்போது அதைச் சுற்றி வீக்கம் உண்டாகி வலிப்பு கூடக்கூடும். அதனால் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தோடு, மருத்துவர் கண்காணிப்பில்தான் தருவார்கள். கட்டி ஏற்கெனவே உறைந்துபோயிருந்தால் பூச்சி மருந்தே தேவையில்லை.

தங்கையிடமிருந்து இந்த நோய் யாருக்கும் ஒட்டாது. வலிப்பின்போது வாயில் தள்ளும் நுரை வெறும் எச்சில்தான். ஆனால் வீட்டில் வேறு யாருக்காவது குடலில் நாடாப்புழு இருக்கிறதா என்று எல்லோரும் ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இருந்தால் அதை மாத்திரையால் எளிதாக வெளியேற்றிவிடலாம்.

கடைசித் தெருவின் மேல் பழி

கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி. பன்றிக்கு இந்த நோய் எப்படி வருகிறது என்று அந்த மனுவை எழுதியவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை. வெளியில் கிடக்கும் மனித மலத்தைத் தின்றுதான் பன்றிக்கு வருகிறது. அந்த மலம் எந்தத் தெருக்காரர்களுடையது? உங்கள் வீட்டுக் கழிப்பறையில் விறகு அடுக்கியிருப்பதாகவும், எல்லோரும் ஏரிக்கரைக்கே போவதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மழை பெய்தால் ஏரிக்கரை அழுக்கு முழுவதும் ஏரியில் கலக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் கீரைப் பாத்தி நனைகிறது. பன்றிகளை இன்றே அப்புறப்படுத்தினாலும், குடலில் புழுவோடு ஊருக்குள் இருப்பவர் ஒருவர் வழியாகவே முட்டைகள் பரவிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவை என்றால், வீட்டையும் ஊரையும் விட்டு அவர்களை வெளியேறச் செய்வது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கையெழுத்து வாங்கித் திரிபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 26 கிராம சபை வருகிறது. அங்கே வைக்க வேண்டிய மனு வேறு: கடைசித் தெரு உட்பட எல்லா வீட்டுக்கும் தண்ணீரோடு கூடிய கழிப்பறை, பன்றிகளைப் பட்டியில் அடைத்து வளர்க்க ஏற்பாடு, குடற்புழுப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஊருக்குள் ஒரு முகாம். குடிநீர்த் தொட்டியில் குளோரின் போடச் சொல்வதும் நல்லதுதான், ஆனால் இந்த முட்டைகளுக்கு அது போதாது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால்தான் அவை சாகும். மலம் கழித்த பின்னும் சமைப்பதற்கு முன்னும் சோப்பு போட்டுக் கை கழுவுவது இதையெல்லாம் விட முக்கியம். உங்கள் வீட்டுக் கழிப்பறையிலிருந்து விறகை எடுத்துவிட்டு இந்த மனுவைக் கொடுங்கள்; பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

பவுடர் டப்பாவில் மாத்திரை

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி ஒன்று உண்டு. உறவினர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அம்மா மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சோடியம் வால்ப்ரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மருந்து. உரித்து வைத்தால் பிசுபிசுத்து, இளகிக் கெட்டுப்போகும். விழுங்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். விருந்தினர் தங்கும் நாட்களில் மாத்திரையே எடுப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தேதிக் குறிப்பைப் பாருங்கள்: மாத்திரை தொடங்கிய பிறகு வந்த மூன்று வலிப்புகளும் மாத்திரை தவறிய நாட்களுக்குப் பின்புதான் வந்திருக்கின்றன. ஆடித் திருவிழாவில் இரவு முழுவதும் கண்விழிப்பும் விரதமும் சேர்ந்துகொண்டன. ஊரறிய வலிப்பு வந்ததற்கு நோய் முற்றியதாகக் காரணம் தேட வேண்டாம். ஊருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்ததுதான் ஊர் நடுவில் வலிப்பை வரவழைத்தது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். 'ஒழுங்காக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று மாதம் வரவில்லை என்று நிறுத்துவது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் ஒரு வலிப்பு முடிவதற்குள் அடுத்தது தொடங்கி, நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே உலை வைக்கலாம். பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டு வலிப்பில்லாமல் இருந்த பிறகே நிறுத்துவதைப் பற்றிப் பேசுவோம். புழுக்கட்டி மறைந்துவிட்டவர்களுக்கு அதற்கு முன்பே நிறுத்தும் வாய்ப்பு உண்டு. அதுவும் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான்.

மாத்திரையை நிறுத்திவிடலாமே என்று அம்மா கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்க மாட்டேன். வால்ப்ரோயேட் நல்ல மருந்துதான். ஆனால் கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் விஷயத்தில் அது கவலை தரும் மருந்து. கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 சதவீதத்தினருக்கு வளர்ச்சியிலோ கற்றலிலோ சிக்கலும் ஏற்படலாம். இதற்கு விடை மாத்திரையை நிறுத்துவது அல்ல, மருந்தை மாற்றுவது. லெவெடிரசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் கர்ப்ப காலத்துக்கு ஒப்பீட்டில் பாதுகாப்பானவை. பழைய மருந்தைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்றுவதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதனால் தாலி ஏறுவதற்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையையும் கருத்தரிப்பதற்கு முன்பே தருவார்கள். கல்யாணம் ஆனால் வலிப்பு நின்றுவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வலிப்பு உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றெடுக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை. புழுக்கட்டியால் வந்த வலிப்பு பரம்பரையாகத் தொடரவும் செய்யாது.

கோயிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். வேண்டுதலும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. விரத நாளிலும் மாத்திரையை மட்டும் ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கிவிட வேண்டும், இரவில் தூங்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வது

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் வலிப்பு நோயாளிகளைப் பார்ப்பவர்கள் இந்தச் சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், அடிக்கடி வலிப்பு வருபவரைத் திருமணத்துக்குத் தகுதியற்றவராக வைத்திருந்தது. 1999இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வலிப்பு என்பதை நீக்கிவிட்டார்கள். ஆகவே இன்று வலிப்பு இருப்பது திருமணத்துக்குத் தடை அல்ல. இதை மாமாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் அதே சட்டத்தின் 12ஆவது பிரிவில் இன்னொன்று இருக்கிறது. முக்கியமான உண்மையை மறைத்து, மோசடியாகச் சம்மதம் பெற்றார்கள் என்று சொல்லி, அது தெரியவந்த ஓராண்டுக்குள் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரி வழக்குப் போடலாம். நீதிமன்றம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். எப்படியானாலும், நோயால் வராத வழக்கை மறைப்பு கொண்டுவந்து வாசலில் நிறுத்தும்.

வழக்கு கிடக்கட்டும். புது வீட்டில் உங்கள் தங்கை எங்கே வைத்து மாத்திரை சாப்பிடுவார்? அங்கே பவுடர் டப்பா வைக்கவும் இடம் கிடைக்காது. கல்யாண அலைச்சல், தூக்கமின்மை, தவறிய மாத்திரை எல்லாம் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே அந்த வீட்டில் வலிப்பு வந்துவிடக்கூடும். அதை முதன்முதலாகப் பார்க்கும் கணவர் பயந்து என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்ற வார்த்தையை அந்தப் பெண் ஆயுள் முழுக்கக் கேட்க நேரிடும்.

ஆகவே நிச்சயத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பதே என் கருத்து. ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டியதில்லை. மணமகனுக்கும், தங்கை விரும்பினால் அவருடைய பெற்றோருக்கும் தெரிந்தால் போதும். தங்கையே மணமகனிடம் நேரில் பேசுவது நல்லது. நீங்கள் பக்கத்தில் இருங்கள். "எனக்கு வலிப்பு வருவதுண்டு, மூளையில் ஒரு சிறு தழும்பு காரணம், மாத்திரை சாப்பிடுகிறேன், சந்தேகம் இருந்தால் என் மருத்துவரிடம் வந்து கேளுங்கள்" என்று சொன்னால் போதும். மணமகனை வெளிநோயாளி பிரிவுக்கு அழைத்துவரும் குடும்பங்கள் உண்டு. அவர் கேட்கும் கேள்விகளுக்கு மருத்துவர் விடை சொல்லும்போது பாதிப் பயம் போய்விடுகிறது.

இந்தச் சம்பந்தம் முறிந்துபோகவும் செய்யலாம். முறியாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. முறிந்தால் ஊர் பேசும், அம்மா அழுவார், மாமா உங்கள்மேல் கோபப்படுவார். அந்தச் சில மாத வேதனையை, கல்யாணத்துக்குப் பின் முறிந்தால் வரும் வேதனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. நிச்சயத்தை ஓராண்டு தள்ளிப்போடலாம். அதற்குள் மருந்தை மாற்றி, மறு ஸ்கேன் எடுத்து, வலிப்பில்லாமல் சில மாதங்கள் கழிந்துவிடும். 22 வயதில் ஓராண்டு தாமதம் ஒரு குறையல்ல. தங்கைக்கு இப்போது கல்யாணமே வேண்டாம், பி.எட். படிக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

சட்ட ஆலோசனை தேவைப்பட்டால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வலிப்பு வரும்போது

தங்கையின் முன்பல் ஓரம் உடைந்ததை மாப்பிள்ளை வீட்டார் கவனித்துக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பல்லை உடைத்தது வலிப்பு அல்ல, பல்லைத் திறக்க உள்ளே நுழைத்த கரண்டி. வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. தண்ணீர் புகட்டக் கூடாது. கூரான பொருட்களை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்துவிடும், மூச்சு அடைக்காது. மணி பார்த்துக்கொள்ளுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுத்ததும் நின்றுவிட்டது என்பார்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நிற்பவை. சாவியைத் தேடி எடுத்துவரும் நேரம் அதற்குச் சரியாக இருக்கிறது.

ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ, தண்ணீரில் விழுந்திருந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ உடனே 108க்கு அழையுங்கள். ஊரிலிருந்து மருத்துவமனை தூரம் என்பதால், அவசரத்தில் மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தை வீட்டில் வைத்திருக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த முறை வந்தால் யாராவது ஒருவர் கைபேசியில் படம் பிடிக்கட்டும். மருத்துவருக்கு அது நூறு கேள்விகளுக்கான பதில்.

ஊரில் நடமாடுவது

வீட்டுக்குள் அடைத்து வைக்க வேண்டாம். சில இடங்களில் மட்டும் கவனம் போதும். கிணற்றிலும் ஏரியிலும் தனியாக இறங்கக் கூடாது. குளியலறையில் உள்தாழ்ப்பாள் போடாமல் குளிக்கட்டும். விறகடுப்பு ஆபத்து. கேஸ் அடுப்பில் சமைக்கட்டும், அதுவும் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது. மாட்டுத் தீவனம் வெட்டும் இயந்திரத்தின் அருகே வேண்டாம். தீமிதியில் இறங்க வேண்டாம். ஸ்கூட்டரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். வலிப்பு உள்ளவருக்கு நம் சட்டம் ஓட்டுநர் உரிமம் தருவதில்லை, மூன்று மாதத்துக்கு முன் வலிப்பு வந்தவர் சாலையில் வண்டி ஓட்டுவது அவருக்கும் எதிரில் வருபவருக்கும் ஆபத்து.

திண்ணைப் பாடத்தை மறுபடி தொடங்கலாம், தொடங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரை ஒரு மாலை வீட்டுக்கு அழையுங்கள். பிள்ளைகளின் அம்மாக்களையும் வரச் சொல்லுங்கள். இது ஒட்டாது, வலிப்பு வந்தால் இன்னது செய்ய வேண்டும் என்று செவிலியர் வாயால் கேட்டால், இரண்டு மூன்று பேராவது பிள்ளைகளை அனுப்புவார்கள். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். ஒருவரும் வராமல் போனால் மனம் ஒடிந்துவிட வேண்டாம். செவிலியரை இன்னொரு முறை அழையுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் வெளிநோயாளி பிரிவு எந்தெந்த நாளில் இருக்கிறது என்று விசாரித்து, ஒரு நாள் விடுப்புப் போட்டுத் தங்கையை அழைத்துப் போங்கள். பழைய ஸ்கேன் அறிக்கை மட்டும் போதாது, படத்தையும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டை, உங்கள் தேதிக் குறிப்பு இரண்டும் கையில் இருக்கட்டும். மருந்தை மாற்றுவது பற்றியும், மறு ஸ்கேன் பற்றியும், குழந்தைப்பேறு பற்றியும் கேட்க வேண்டியதைத் தங்கை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். மருத்துவர் அறைக்குள் பேச வேண்டியவர் அவர்தான். நீங்கள் அவர் கேட்கச் சொன்னால் மட்டும் கேளுங்கள்.